பதிவான உயிலுக்கும் சாட்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்துத் தகராறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில நாள்களுக்கு முன் வெளியான கடிதம் ஒன்றில், உயிலை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதைத் தொட முடியாது என்ற பொருளில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை நம்பி நடப்பவர்களின் பிள்ளைகள் பின்னாளில் நீதிமன்றப் படியேற நேரும் என்பதைச் சாட்சிக் கூண்டில் நின்று தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

நான் பட்டுக்கோட்டை வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஊரார் கேட்கும் உதவிகளில் முதலாவது, கடன். இரண்டாவது, சாட்சிக் கையெழுத்து. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எத்தனையில் போட்டிருப்பேன் என்பது எனக்கே நினைவில்லை. அவற்றில் ஒன்றுகூட என்னை நீதிமன்றத்துக்கு அழைத்ததில்லை. அழைத்தது ஓர் உயில் மட்டுமே.

எங்கள் தெருவில் ஓட்டு வீடு ஒன்றும், ஊரெல்லையில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் தென்னந்தோப்பும் வைத்திருந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்குமே அவர் பெரியம்மாதான். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் திருப்பூரிலும் இளையவர் சிங்கப்பூரிலுமாக நிலைகொண்டுவிட, கணவரை இழந்து தாய்வீட்டுக்கே திரும்பிவிட்ட மகள்தான் பெரியம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தோப்பு பரம்பரைச் சொத்தன்று. தம் நகைகளை விற்று 1971இல் பெரியம்மா தம் பெயரிலேயே கிரயம் வாங்கியது. வீடு மூன்று பேருக்கும் பொது, தோப்பு மட்டும் மகளுக்கு என்று 2004இல் அவர் உயில் எழுத முடிவு செய்தபோது, சாட்சிக்கு என்னை அழைத்தார்.

அன்று எங்கள் சங்கத்தில் தணிக்கை. காலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தரின் கொட்டகைக்குப் போனேன். ‘நல்ல ஞாபக சக்தியுடனும் பூரண மனச்சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்’ என்று போகும் அந்த வழக்கமான வாசகத்தை எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; எங்கள் சங்கத்துப் பேரேட்டிலேயே எழுத்துக் கூட்டிப் போட்டிருக்கிறார். அன்று கை மிகவும் நடுங்கியதால் இடது பெருவிரல் ரேகை வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தார். அதன் கீழே நான் கையொப்பமிட்டேன். இரண்டாவது சாட்சியாக வருவதாக இருந்த உறவினரைக் காணவில்லை. ‘நீங்க கிளம்புங்க சார், இங்க யாரையாவது போடச் சொல்லிக்கலாம்’ என்றார் எழுத்தர். நானும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு தணிக்கைக்குப் போய்விட்டேன். அலுவலக வாசலில் நின்ற யாரோ ஒருவர் என் கையொப்பத்துக்குக் கீழே கையொப்பமிட்டிருக்கிறார். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் மட்டும் இருந்தது. கதவு எண் இல்லை; தந்தை பெயரும் ஒற்றை எழுத்தோடு நின்றது. உயில் முறைப்படி பதிவாகி, முத்திரைகளுடன் பெரியம்மாவின் தகரப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

அவர் 2009இல் காலமானார். அடுத்த ஆண்டே மகன்கள் பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுத்தனர். உயில் என்று ஒன்று இருப்பதே தாய் மறைந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2013இல் எனக்கு அழைப்பாணை வந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதைப் பற்றி அரை மணி நேரம் குறுக்கு விசாரணை நடந்தது. எழுத்தரின் பேனா மை நீலமா கறுப்பா, பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா நாற்காலியிலா, கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எதற்காக ரேகை வைத்தார், அவரை அங்கே அழைத்து வந்தது யார் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அழைத்து வந்தவர் மகள்தான், ஆட்டோவில் வந்தார்கள், மகள் கொட்டகைக்கு வெளியே நின்றார் என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். கடைசியில் மகன்களின் வழக்கறிஞர் கேட்டார்: ‘இரண்டாவது சாட்சி கையொப்பமிட்டதை நீங்கள் பார்த்தீர்களா?’ இல்லை என்றேன். ‘அவரை உங்களுக்குத் தெரியுமா?’ தெரியாது என்றேன். வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மையையும் நாற்காலியையும் பற்றி அத்தனை நேரம் கேட்டதெல்லாம் இந்த இரண்டு பதில்களுக்கான முன்னுரை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரியம்மாவின் மகளுடைய வழக்கறிஞர் முகத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மாள் என்னிடம், ‘அன்னைக்கு உங்களுக்கு ஆடிட்டு இல்லாம இருந்திருக்கலாம்ணே’ என்று மட்டும் சொன்னார்.

நான் என்ன பிழை செய்தேன் என்பதைப் பிறகு சட்டப் புத்தகங்களைத் தேடிப் படித்தே தெரிந்துகொண்டேன். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவில், உயிலை எழுதிவைப்பவர் கையொப்பமோ ரேகையோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைச் சான்றொப்பமிட வேண்டும், ஒவ்வொரு சாட்சியும் எழுதிவைப்பவர் கையொப்பமிடுவதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லது ‘இது என் கையொப்பம்தான்’ என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆகவே நான் முன்னதாகப் புறப்பட்டதால் மட்டும் அந்த உயில் செல்லாமல் போய்விடாது. சிக்கல் அதை நிரூபிக்கும் இடத்தில் இருக்கிறது. உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 67ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒருவர் வந்தால் போதும் என்பது உண்மை. ஆனால் வந்த அந்த ஒருவர், தாம் கையொப்பமிட்டதை மட்டுமல்லாமல் மற்றவரும் முறைப்படி கையொப்பமிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்று ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கிலும் கூண்டில் ஏறியவர் ஒரே ஒரு சாட்சி. மற்றவரின் கையொப்பத்தைப் பற்றி அவரால் சொல்ல முடியவில்லை. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. பட்டுக்கோட்டையில் நான் நின்ற நிலை அதுவேதான்.

இரண்டாவது சாட்சியைத் தேடிப் பார்த்தார்கள். உயிலில் கண்ட ஊரில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தனர். இருவர் இறந்துவிட்டிருந்தனர், மூன்றாமவர் தமக்கு இதுபற்றி எதுவும் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். பத்திர எழுத்தரும் அதற்குள் காலமாகியிருந்தார். அவர் இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்குமா என்பது ஐயமே. ‘எழுதியவர்’ என்ற இடத்தில் கையொப்பமிட்டவரை, சாட்சியாக இருக்கும் எண்ணத்துடன் அவர் கையொப்பமிட்டார் என்று காட்டினாலொழிய, சான்றொப்பமிட்ட சாட்சியாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. முதல் நீதிமன்றம் உயில் உண்மையானது என்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டாவது சாட்சியின் சான்றொப்பம் நிரூபிக்கப்படவில்லை என்று அதை மாற்றி, மூவருக்கும் சம பங்கு என்றது. மகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இரண்டாவது மேல்முறையீடு சென்றார்.

வழக்கு அங்கே நிலுவையில் இருந்தபோது, 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தது. தோப்பில் எண்பது மரங்களுக்கு மேல் நின்றன; விடிந்தபோது பதினொன்று நின்றன. விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர், நிவாரணப் பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார். மூவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வழக்கு எண்ணைச் சொன்னார்கள். 2021இல் சமரசத்தில் முடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு நாற்பது சென்ட். தாயாரைப் பார்த்துக்கொண்டவருக்குத் தாயார் கொடுக்க நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு வந்து சேரப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

இப்போது தங்கள் வாசகரின் கருத்துக்கு வருகிறேன். பதிவு செய்த ஆவணம் என்றால் அதற்கென்று ஒரு தனி மதிப்பு உண்டு என்று நாம் எல்லோரும் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தானப் பத்திரம், அடமானப் பத்திரம் போலச் சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டிய மற்ற ஆவணங்கள் பதிவாகியிருந்தால், எழுதிக்கொடுத்தவர் அதைக் குறிப்பாக மறுத்தாலொழியச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை என்று மேலே சொன்ன அதே 68ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. ஆனால் அந்தச் சலுகையின் நடுவிலேயே ‘உயில் நீங்கலாக’ என்ற சொற்கள் இருக்கின்றன. அந்த இரண்டு சொற்களைத்தான் நம்மில் பலர் அறியாமல் இருக்கிறோம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமுமன்று. வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகளுடன் வைத்துக்கொண்டாலும் அது உயில்தான், முத்திரைத்தாளும் தேவையில்லை. பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொலைந்துபோனால் நகல் கிடைக்கும், பக்கத்தை மாற்ற முடியாது, எழுதிவைத்தவர் நேரில் வந்தார் என்பதற்கு அரசு அலுவலகத்தின் பதிவு இருக்கும். நீதிமன்றமும் இதை உயிலுக்குச் சாதகமான ஒரு சூழலாகவே பார்க்கிறது. ஆனால் சாட்சி நிற்க வேண்டிய இடத்தில் முத்திரை நிற்க முடியாது.

உயிலுக்கு மட்டும் சட்டம் ஏன் இப்படிக் கெடுபிடி செய்கிறது என்று தொடக்கத்தில் எனக்குக் கோபம் இருந்தது. எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கும் பத்திரத்தில் ஐயம் வந்தால் அவரையே கேட்டுவிடலாம். உயில் பேசத் தொடங்கும்போது அதை எழுதிவைத்தவர் இருப்பதில்லை. பழைய பத்திரங்களில் இதற்கு ‘மரண சாசனம்’ என்றே பெயர். ‘உயில்’ என்ற சொல்லோ ஆங்கிலத்திலிருந்து வந்து, ‘உயிர்’ என்பதன் உறவுக்காரச் சொல்போல நம்மிடையே உட்கார்ந்துகொண்டது. இறந்தவருக்காகப் பேசக்கூடியவர்கள் அந்தச் சாட்சிகள் இருவர் மட்டுமே என்பதால் அவர்களைச் சட்டம் துருவித் துருவிக் கேட்கிறது.

துருவிக் கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. பொய் உயில்கள் நம் நாட்டில் கற்பனையன்று. பஞ்சாபின் ஃபரீத்கோட் சமஸ்தானத்தின் கடைசி அரசர் ஹரீந்தர் சிங் பிரார் 1989இல் மறைந்தபோது, 1982இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஓர் உயில் வெளிவந்தது. அரண்மனைகளும் நிலங்களுமாகப் பல்லாயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்தை அது ஓர் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தது. அரசரின் மகள் அம்ரித் கௌர் 1992இல் வழக்குத் தொடுத்தார். உயில் போலி என்று சண்டிகர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. உயர் நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2022இல் அதை நிலைநிறுத்தியது. முப்பது ஆண்டுகள். அரசர் வீட்டிலேயே இப்படி என்றால், கைநாட்டு வைக்கும் பெரியவர்களைச் சுற்றி என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, பெரியம்மாவின் மகன்கள் உயிலை ஐயுற்றதைப் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் இருந்தவருக்கு, தாயார் இறந்து காரியம் முடிந்த மறுநாள், தாம் பார்த்திராத ஒரு தாளில் தமக்குத் தோப்பில்லை என்று எழுதியிருப்பதைக் காட்டினால் அவர் வேறென்ன நினைப்பார்?

நீதிமன்றங்கள் இந்த ஐயங்களை எப்படி எடைபோடுகின்றன என்பதற்கு அடிப்படையாக இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, மைசூரிலிருந்து சென்ற எச். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் அளித்த தீர்ப்பு. உயிலைக் கொண்டுவருபவர்தான் அது உண்மையென்று நிரூபிக்க வேண்டும். நடுங்கிய கையொப்பம், எழுதிவைத்தவரின் தளர்ந்த மனநிலை, இயல்பான வாரிசுகளைக் காரணமின்றி ஒதுக்கியிருப்பது, பயன்பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைத்திருப்பது போன்ற ஐயத்துக்கிடமான சூழல்கள் இருந்தால், அவற்றை விளக்கி நீதிமன்றத்தின் மனச்சான்றுக்கு நிறைவளிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பின்வந்த தீர்ப்புகளில், ஒரு வாரிசை ஒதுக்குவது மட்டுமே ஐயத்துக்குரியதாகாது, வாரிசுகளின் இயல்பான வரிசையை மாற்றத்தானே உயிலே எழுதப்படுகிறது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எங்கள் வழக்கில் ரேகையைப் பற்றியும் ஆட்டோவைப் பற்றியும் என்னை ஏன் கேட்டார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. ‘கை நடுக்கத்தால் கையொப்பமிட இயலாமல் ரேகை வைக்கிறேன்’ என்று உயிலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அரைப் பக்கக் குறுக்கு விசாரணை குறைந்திருக்கும். ‘என் மகன்கள் இருவரும் வசதியாக இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, என்னைப் பராமரித்துவரும் மகளுக்கு வேறு ஆதரவில்லாததால் தோப்பை அவளுக்கு எழுதுகிறேன்’ என்று பெரியம்மா வாயால் சொன்னதை எழுத்தர் எழுதவே இல்லை. அச்சடித்த வாசகத்தை எழுதினார். மனதில் இருந்ததை விட்டுவிட்டார். அந்த வரிகளைப் படித்திருந்தால் மகன்கள் வழக்கே போட்டிருக்க மாட்டார்களோ என்று எனக்கு இன்றும் தோன்றுவதுண்டு.

உயில் எழுதாமலே விட்டுவிட்டால் தொல்லையில்லை என்று சிலர் சொல்வதும் சரியன்று. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி மறைந்தபோது நேர்வாரிசும் இல்லை, உயிலும் இல்லை. அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் சட்டப்படியான வாரிசுகளாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் அறிவித்தது. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அரசு கையகப்படுத்தியதை 2021 நவம்பரில் ரத்து செய்தது. அதன் பிறகே வீட்டுச் சாவி அவர்கள் கைக்கு வந்தது. ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் ஐந்து ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

எழுதுபவர்களும், தங்களுடையது எது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். பாட்டனார் வழி வந்த கூட்டுக்குடும்பச் சொத்து முழுவதையும் தம் விருப்பம்போல ஒரு மகனுக்கு எழுதிவைக்கும் தந்தையர் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, அதில் தம் பங்கை மட்டுமே அவர் உயிலால் கொடுக்கலாம் என்கிறது. தமிழ்நாடு 1989லேயே அப்போது திருமணமாகாதிருந்த பெண்களைப் பங்குதாரர்களாக ஏற்றது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் முடிவு கட்டியது. மகளை ஒதுக்குவதற்கென்றே எழுதப்படும் பல உயில்கள் இந்த ஒரு காரணத்தாலேயே பாதி தோற்றுப் போகின்றன. தோற்கட்டும் என்றே நான் நினைக்கிறேன்.

வேறு சில தவறான நம்பிக்கைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயர் எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பட்டாவில் பெயர் மாறிவிட்டது என்பதும் உரிமைக்கு முடிவான சான்றன்று. பதிவு செய்த உயிலை மாற்ற முடியாது என்பதும் பிழை. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது பதிவாகாத வெள்ளைத் தாளாக இருந்தாலும், நிரூபிக்கப்பட்டால் அதுவே நிற்கும். உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தரப்படும் வில்லங்கச் சான்றில் அவற்றைத் தேடிப் பயனில்லை. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர நகல் கிடைக்காது; மறைந்த பிறகு யாரும் விண்ணப்பித்துப் பெறலாம். சென்னை நகருக்குள் இருக்கும் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ், அதாவது புரொபேட், பெற்றே ஆக வேண்டும் என்று நெடுங்காலமாக இருந்த கட்டாயத்தை, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கியதன் மூலம் நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் விலக்கிவிட்டது. இதைக் கேட்டு, இனி உயிலை நிரூபிக்கவே வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். போனது புரொபேட் கட்டாயம் மட்டுமே. வாரிசுகளில் ஒருவர் மறுத்தால் சாட்சி கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பதிவுத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகங்களில் கட்டண விவரத்துக்கும் புரோக்கர்களிடம் ஏமாறாதீர் என்ற எச்சரிக்கைக்கும் பலகைகள் இருக்கின்றன. உயில் பதிவு செய்ய வரும் முதியவர்களுக்கென்று நான்கு வரியில் ஒரு பலகை வைக்க வேண்டும். உங்கள் குடும்பத்தை அறிந்த, உங்களைவிட வயதில் இளைய, நிலையான முகவரி உள்ள இருவரைச் சாட்சியாக அழைத்து வாருங்கள். வாசலில் நிற்பவரைச் சாட்சி போடச் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் உடனிருந்து, நீங்கள் கையொப்பமிடுவதையும் ஒருவர் மற்றவர் கையொப்பமிடுவதையும் பார்க்கட்டும். அவர்களின் முழு முகவரியை எழுதுங்கள் என்று அந்தப் பலகையில் இருந்தால் போதும். சட்டம் கேட்பதைவிட இது கொஞ்சம் கூடுதல்தான் என்பது எனக்குத் தெரியும். கூண்டில் ஏறும் நாளில் அந்தக் கூடுதல்தான் கைகொடுக்கும். பத்திர எழுத்தர்களும், அச்சடித்த வாசகத்தைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், ‘ஏன் இப்படிப் பிரிக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டு, வரும் பதிலை அவர்கள் சொல்லிலேயே எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். பயன்பெறப் போகும் பிள்ளை அன்று அந்தப் பக்கமே வராமல் இருப்பதும், முதுமை மிகுந்திருந்தால் அதே நாளில் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி இணைப்பதும் நல்லது.

பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடலாமா என்பது அவரவர் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. சொன்னால் உயிரோடு இருக்கும்போதே சண்டை வரும் என்று அஞ்சுபவர்கள் அதிகம். அந்த அச்சம் பொய்யுமன்று. அப்படிப்பட்டவர்களுக்காகவே, உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியைப் பதிவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தருகிறது. ஆனால் பெரியம்மாவின் மகன்களை நான் அறிவேன். தாயார் நேரில் சொல்லியிருந்தால் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம். மூத்தவரே சமரசத்துக்குப் பிறகு ஒருநாள், ‘அம்மா சொல்லியிருந்தா போதும் சார், அந்தப் பேப்பர்தான் கோபத்தைக் கிளப்பிச்சு’ என்றார்.

சென்ற ஆண்டு நானும் என் உயிலை எழுதிப் பதிவு செய்தேன். எங்கள் தெருவில் இருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரும், என் நண்பரின் மகனும் சாட்சிகள். இருவரும் என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர்கள். காரணங்களை என் சொல்லிலேயே எழுதச் சொன்னேன். எழுத்தர் இரண்டு முறை குறுக்கிட்டு, இதெல்லாம் எதற்கு என்றார். என் கையொப்பம் முடிந்து, ஆசிரியர் கையொப்பமிட்டு, நண்பரின் மகன் பேனாவை வாங்கும் முன் ஆசிரியர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வங்கியில் வேலை இருக்கிறது, தம் கையெழுத்துத்தான் முடிந்துவிட்டதே என்றார். வங்கிக்கு நாளை போகலாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.